பாறைக் கரையை ஹெலிகாப்டரிலிருந்து அளத்தல்: எதை முதலில் முடிவு செய்வது?

கரைக்கோடு எழுதியது:

வணக்கம். செங்குத்தான பாறைச் சுவர்களான ஓங்கல்களும், நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து வளையும் குறுகிய குடாக்களும், கரையிலிருந்து பிரிந்து நிற்கும் கடல் தூண்களும் நிறைந்த நீண்ட பாறைக் கரை ஒன்றை அளந்து வரைபடமாக்குவதற்கான திட்ட அறிக்கையை எங்கள் குழு தயாரித்து வருகிறது. சாலை எட்டாத கரை அது. மூழ்கிய பாறைகளும் ஓயாத அலையடிப்பும் இருப்பதால் படகிலும் நெருங்க முடியாது. எனவே ஹெலிகாப்டரில் அளப்பது என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை. எதை, எப்படி அளப்பது என்று பேசத் தொடங்கியதும்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

ஒரு தரப்பினர், நேர் கீழே பார்க்கும் கேமராவையும், லேசர் கதிரை அனுப்பித் தொலைவை அளக்கும் லைடார் கருவியையும் பொருத்திக்கொண்டு, சமவெளியை அளக்கும் அதே முறையில் இணைகோடுகளாகப் பறந்து முடித்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு தரப்பினர், ஓங்கலின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்காவிட்டால் பாறைக் கரையை அளந்ததாகவே ஆகாது என்கிறார்கள். நான் இரண்டாவது தரப்பின் பக்கமே சாய்கிறேன். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் நூறு மீட்டர் உயரமுள்ள ஓங்கல் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடுகிறது. அதன் அடியில் அலை குடைந்த பள்ளமும் குகை வாயிலும் படத்துக்குள் வருவதே இல்லை. ஆனால் அடுத்த பாறைச் சரிவு தொடங்கப்போகும் இடம் பெரும்பாலும் அந்தக் குடைவுதான்.

இதற்கும் முன்பாகத் தீர்க்க வேண்டியது, எந்த நுணுக்கத்தில் கரையைப் பின்தொடர்வது என்பது. அலாஸ்காவின் கரை நீளத்துக்கு அமெரிக்க அரசின் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் இரண்டு எண்களைத் தருகிறது. பொதுவான கரைக்கோடாக அளந்தால் 6,640 மைல். தீவுகளையும் குடாக்களையும் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறும் ஆற்று முகங்களையும் சேர்த்து அளந்தால் 33,904 மைல். இரண்டும் சரியான எண்களே. பிரிட்டிஷ் அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கவனித்து, 1967இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் விரித்து எழுதிய சிக்கல் இதுதான்: அளவுகோலைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் கரை நீண்டுகொண்டே போகும். ஆகவே எவ்வளவு சிறிய வளைவு வரை ஹெலிகாப்டர் உள்ளே திரும்பும் என்பதை எழுதி வைக்காமல், பறக்கும் மணிநேரத்தைக்கூட மதிப்பிட முடியாது என்று நினைக்கிறேன்.

இத்தகைய பணியில் ஈடுபட்டவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். கோணம், உயரம், வேகம், நேரம் ஆகியவற்றில் எதை முதலில் முடிவு செய்கிறீர்கள்?

ஓதக்கணக்கு எழுதியது:

நேரத்தைத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

கடல் ஏறியிருக்கும்போது பாறைக் கரையில் தெரிவது பாதிக் கரைதான். அலை அரித்த மேடை, அதன் மேல் கிடக்கும் உருண்டைக் கற்கள், மேடையைப் பிளந்து செல்லும் வெடிப்புகள், குகைகளின் தரை ஆகிய அனைத்தும் கடல் வடிந்து இறங்கும் வற்றத்தின்போதுதான் வெளிப்படுகின்றன. அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய வற்றத்தின்போதுதான் அடித்தளம் வரை முழுமையாகப் பார்க்க முடியும். அந்த நாட்களிலும், வற்றம் பகல் வெளிச்சத்தில் வர வேண்டும். அடிமட்டத்துக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் பயன்படும். நாளுக்கு நாள் வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஓத அட்டவணையை எடுத்து, சூரிய உதயம், மறைவு நேரங்களை அதன் பக்கத்தில் எழுதினாலே, ஓர் ஆண்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நாட்கள் எவ்வளவு குறைவு என்பது புரிந்துவிடும். மூடுபனிக்கும் காற்றுக்கும் அவற்றில் ஒரு பகுதியை இழக்கத்தான் வேண்டியிருக்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவாகி, 2001 முதல் அலாஸ்காவிலும் நடத்தப்படும் ஷோர்சோன் என்னும் கரைக் கணக்கெடுப்பு முழுவதுமே இந்த அடிப்படையில் அமைந்தது. பெரிய வற்றத்தின்போது மட்டும், ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், 60 நாட் (மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர்) அளவான வேகத்தில், கரைக்கு இணையாகப் பறந்து, சாய்கோணத்தில் காணொளியும் படங்களும் எடுக்கிறார்கள். ஹெலிகாப்டருக்குள் ஒரு புவியியலாளரும் ஒரு கடல் உயிரியலாளரும் அமர்ந்து, கண்ணில் படுவதை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அந்தக் குரல் காணொளியுடன் சேர்ந்தே பதிவாகிறது. இந்தக் குரல்பதிவு கூடுதல் வசதியாகத் தோன்றலாம். என் பார்வையில் அதுதான் அந்த முறையின் உயிர்நாடி.

அதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். குளிர்ந்த கடல்களின் பாறையில், உயிர்கள் மட்டம் மட்டமாகப் பட்டை கட்டி வாழ்கின்றன. மேலே கருநிறப் பட்டை. அதற்குக் கீழே பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளின் வெளிறிய பட்டை. அடுத்துப் பொன்பழுப்பு நிறப் பாறைப்பாசி. எல்லாவற்றுக்கும் கீழே, நீரில் பாதி மிதக்கும் கரும்பழுப்புக் கெல்ப் பாசி. இந்தப் பட்டைகளின் அகலத்தை வைத்தே, அந்த இடத்தில் அலையடிப்பு எவ்வளவு கடுமையானது என்று சொல்லிவிட முடியும். அலை ஓங்கி அடிக்கும் இடத்தில் கரும்பட்டை அகன்றும் உயர்ந்தும் இருக்கும். அந்தக் கரும்பட்டை, பாறையோடு ஒட்டி வளரும் ஒருவகை லைக்கன் (பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர்). படத்தில் மட்டும் பார்ப்பவர் அதை எண்ணெய்க் கறை என்று எளிதில் நினைத்துவிடுவார். பயிற்சி பெற்ற உயிரியலாளர் அதைக் கடக்கும் நொடியிலேயே ‘லைக்கன்’ என்று சொல்லிவிட்டால், பின்னர் மேசையில் அமர்ந்து வகைப்படுத்துபவருக்கு ஐயம் எழாது.

ஒளிப்புள்ளி எழுதியது:

மேலே சொன்னதை மதிக்கிறேன். ஆனால் வகைப்படுத்துவது வேறு, அளப்பது வேறு என்பதை இந்த இழையில் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். ‘இங்கே அகன்ற அலை மேடை இருக்கிறது’ என்று குரல்பதிவில் சொல்வது மிகவும் பயனுள்ள தகவல். ஆயினும், அந்த மேடை கடல் மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. திட்ட அறிக்கையில் ‘அளத்தல்’ என்று எழுதினால் முப்பரிமாண ஆயங்கள் வேண்டும். பிழை எவ்வளவு என்பதும் வேண்டும்.

கரைக்கோடு கேட்ட கோணத்துக்கு வருகிறேன். லைடார் நேர் கீழே பார்த்தால், கிடைமட்டப் பரப்பில் புள்ளிகள் அடர்த்தியாக விழும். செங்குத்து முகத்தில் மிக அரிதாகவே விழும். தொங்கும் பாறைக்கு அடியில் ஒன்றும் விழாது. கருவியைச் சாய்த்துப் பொருத்தி, கடல் பக்கத்திலிருந்து முகத்தைப் பார்க்கச் செய்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிடும். படங்களிலிருந்து ஃபோட்டோகிராமெட்ரி முறையில் முப்பரிமாண வடிவம் எடுப்பதற்கும் இதே விதி பொருந்தும். ஆனால் அதற்கு அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு பொருந்த வேண்டும். 60 நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர். ஒரு படம் கரையில் 90 மீட்டர் நீளத்தைப் பிடிக்கிறது என்றும், 80 விழுக்காடு மேற்பொருந்தல் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 18 மீட்டருக்கும் ஒரு படம், அதாவது ஏறத்தாழ 0.6 நொடிக்கு ஒரு படம் எடுத்தாக வேண்டும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தால், அந்தக் கண நேரத்துக்குள் ஹெலிகாப்டர் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் நுணுக்கம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

உயரமும் பிழையும் சேர்ந்தே வளரும். சாய்வை அளக்கும் ஐ.எம்.யு. கருவியில் 0.01 டிகிரி பிழை இருந்தால், 100 மீட்டர் தொலைவில் அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு; 500 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அதைவிடத் தொல்லை தருவது ஓங்கலின் நிழல். குறுகிய குடாவுக்குள் நுழைந்ததும் வானத்தில் பாதியைப் பாறை மறைத்துவிடும். கருவியின் கண்ணுக்குத் தெரியும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை குறையும். விமானி கடுமையாகச் சாய்த்துத் திரும்பினால் மீதியும் போய்விடும். இதனால்தான் குடாக்களுக்குள் எடுத்த தரவு, திறந்த கரையில் எடுத்த தரவைவிட எப்போதும் தரம் குறைந்திருக்கும். ஒரே பிழை எண்ணை முழுக் கரைக்கும் எழுதுவதை நான் நேர்மையாகக் கருதவில்லை.

கடலடியையும் சேர்த்து அளக்க நினைக்கிறீர்களா என்று தெரியவில்லை. நினைத்தால் 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேண்டும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் நீர்ப்பரப்போடு நின்றுவிடும். பச்சைக் கதிர் உள்ளே இறங்கி, அடியில் பட்டுத் திரும்பும். நீருக்குள் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதில் முக்கால் பங்குதான் என்பதைக் கணக்கில் கொண்டு, இரண்டு எதிரொலிப்புகளுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறோம். அமெரிக்க ராணுவப் பொறியியல் படை 1994இல் ஷோல்ஸ் என்ற இத்தகைய கருவியைப் பணியில் இறக்கியபோது, அது ஒரு பெல் 212 ஹெலிகாப்டரில்தான் பொருத்தப்பட்டிருந்தது. மிகத் தெளிந்த நீரில் இத்தகைய கருவிகளால் 50 மீட்டர் வரைகூடப் பார்க்கலாம். கலங்கிய நீரில் சில மீட்டர்கள்கூடக் கிடைக்காது. பாறைக் கரையில் இன்னும் ஒரு தடை உண்டு. அலை உடைந்து வெண்ணுரை பொங்கும் இடத்தில், காற்றுக் குமிழ்கள் கதிரைச் சிதறடித்துவிடும். கரைக்கும் ஆழ்நீருக்கும் நடுவே, நாம் மிகவும் அறிய விரும்பும் அந்தக் குறுகிய பட்டையே தரவில் வெற்றிடமாக நிற்கும். கடல் அடங்கியிருக்கும் நாளில் மீண்டும் பறப்பதைத் தவிர அதற்கு மாற்றுவழி இல்லை.

சுழலிறகு எழுதியது:

பாறைக் கரையோரமாகப் பல ஆண்டுகளாக அளவைப் பணிக்கு ஹெலிகாப்டர் ஓட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். திட்ட அறிக்கைகளில் விமானிக்கென்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு பத்தி. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே அன்று பறக்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் காற்று ஓங்கலில் மோதி மேலே எழும். அது ஹெலிகாப்டரைத் தூக்கும். விளிம்புக்கு மேலே கலக்கம் இருந்தாலும், முகத்துக்கு முன்னால் ஓரளவு சீராகப் பறக்கலாம். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அப்படியல்ல. அது ஓங்கலின் விளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டி, அடிவாரத்தில் சுழலாகப் புரளும். நாம் படம் எடுக்க நிற்க வேண்டிய இடமும் அதுவே. கீழே கடல் கண்ணாடியைப் போல அமைதியாகத் தெரிவதால், அளவையாளர்கள் அந்த நாளைத்தான் நல்ல நாள் என்று நினைக்கிறார்கள். கரையருகே நீர் அமைதியாக இருப்பதற்குக் காரணமே காற்று தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருப்பதுதான் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘அந்தக் குகைக்கு எதிரே ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள்’ என்ற வேண்டுகோள் ஒவ்வொரு பணியிலும் வரும். 100 மீட்டர் உயரத்தில் 60 நாட் வேகத்தில் போகும்போது எஞ்சின் நின்றால், காற்றின் விசையாலேயே இறக்கைகள் சுழலும் ஆட்டோரோட்டேஷனில் இறக்கிக் கட்டுப்பாட்டோடு நீரைத் தொட முடியும். அதே உயரத்தில் அசையாமல் நிற்கும்போது எஞ்சின் நின்றால், ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் பலவற்றில் அதற்குத் தேவையான வேகமும் இல்லை, உயரமும் இல்லை. உயரத்தையும் வேகத்தையும் இணைத்துத் தவிர்க்க வேண்டிய பகுதியைக் காட்டும் வரைபடம் ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் இருக்கிறது. அதை அளவையாளரும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினால், அந்த வேண்டுகோளை வைக்க மாட்டார். நிற்பதற்குப் பதிலாக, பெரிய வட்டமடித்து இன்னொரு முறை கடந்து செல்லலாம்.

கேமராவும் விமானியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். விமானிக்குக் கரை தெரியாமல், பின்னால் இருப்பவர் ‘இன்னும் நெருங்குங்கள்’ என்று சொல்லச் சொல்ல நெருங்குவது கூடாது. இதனால் பறக்கும் திசை கட்டுண்டுவிடுகிறது: கரை வலப்பக்கம் இருக்க வேண்டுமானால் கரையின் ஒரு முனையிலிருந்துதான் தொடங்க முடியும். ஓதக்கணக்கு சொல்லும் வற்ற நேரமும் வெயிலின் கோணமும் இந்தத் திசையோடு ஒத்துப்போகாத நாட்கள் நிறைய. குடாக்களைப் பொறுத்தவரை, திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்பதை மேலே உயரத்தில் ஒருமுறை பறந்து பார்த்த பிறகே கீழே நுழைவேன். குடாவின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் மின்கம்பிகள் பாறையின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அவற்றைவிடப் பெரிய எதிரி இல்லை.

அனைவரும் நீருக்குள்ளிருந்து வெளியேறும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஹெலிகாப்டரின் எடை மேல்பகுதியில்தான் அதிகம். அவசர மிதவைகள் விரிந்தாலும் அலையில் அது கவிழ்ந்துவிடக்கூடும். 15 டிகிரிக்கும் குறைவான நீரில் முதல் நிமிடத்திலேயே மூச்சு கட்டுப்பாட்டை மீறிவிடும். ஆதலால் குளிர்நீர்ப் பாதுகாப்பு உடையை அணியாதவரை நான் ஏற்றுவதில்லை. நாள் முடிவில் எஞ்சினையும் உடற்பகுதியையும் நன்னீரால் கழுவுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். உப்புத் துகள் டர்பைன் இதழ்களில் படிந்து, எஞ்சினின் திறனைக் குறைத்துக்கொண்டே வரும்.

தரைநிலையம் எழுதியது:

இவ்வளவு ஆபத்துகளை அடுக்கிய பிறகும், மனிதர்களை ஏற்றிக்கொண்டு ஏன் பறக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. ட்ரோன் குகை வாயிலுக்குள்ளேயே நுழைந்து படம் எடுக்கும். அதன் எஞ்சின் நின்றால் ஒரு கருவிதான் போகும், உயிர் போகாது. ஒளிப்புள்ளி கேட்கும் சென்டிமீட்டர் நுணுக்கத்தையும், ஓங்கலுக்கு 30 மீட்டர் தொலைவில் மெதுவாகப் பறந்து, நிறையப் படங்கள் எடுத்து அது தந்துவிடும். ஹெலிகாப்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவில், ட்ரோன் குழு பல நாட்கள் பணி செய்யலாம்.

ஓதக்கணக்கு எழுதியது:

தரைநிலையம் சொல்வதை ஒரு குறிப்பிட்ட ஓங்கலுக்கு முழுமையாக ஏற்கிறேன். ஓரிரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சரிவை ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டுமானால், ஹெலிகாப்டரைக் கூப்பிடுவது வீண்செலவு.

ஆனால் இந்த இழையில் பேசப்படுவது சாலை எட்டாத நீண்ட கரை. பேட்டரியில் பறக்கும் சாதாரண ட்ரோன் அரை மணி நேரம் அளவுக்கே தாக்குப்பிடிக்கிறது. இயக்குபவரின் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. அப்படியானால் ட்ரோனையும் அதை இயக்குபவரையும் ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் இறக்கி ஏற்ற வேண்டும். இறக்குவதற்கு இடமில்லாத கரையில் அவர்களைக் கொண்டுசேர்ப்பதற்கே ஹெலிகாப்டர் தேவைப்படும். ஒரே வற்றத்துக்குள் ஹெலிகாப்டர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையைப் பார்த்துவிடுகிறது. அந்த முழு நீளமும் ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே நீர்மட்டத்தில் பதிவாவதுதான் இங்கே மதிப்பு. பல மாதங்களாகத் துண்டு துண்டாக எடுத்த படங்களை இணைத்தால், ஓர் இடத்தில் பாசி குறைந்திருப்பது கரையின் இயல்பா, பருவத்தின் விளைவா என்று பிரிக்க முடியாமல் போகும்.

இந்தப் பிரதேசங்களை முதலில் அளந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஷோர்சோன் இன்று பறக்கும் அதே வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையின் குடாக்களை, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் 1792 முதல் 1794 வரை கோடைதோறும் துடுப்புப் படகுகளில் போய் அளந்தார்கள். கப்பல் நுழைய முடியாத ஒவ்வொரு குடாவின் முடிவு வரையிலும் துடுப்புப் போட்டே போய், அது கண்டத்தைக் கடக்கும் கடல்வழி அல்ல என்று உறுதி செய்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு குடாவையும் தவறவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் நமக்கும் வேண்டும். நேரம் போதவில்லை என்று உள்குடாக்களை விட்டுவிட்டுத் திறந்த கரையை மட்டும் முடித்து, ‘முழுக் கரையும் அளக்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். எண்ணெய் கசிந்தால் அது போய்த் தேங்கி நிற்பது அந்த உள்குடாக்களில்தான்.

எண்ணெய்க் கசிவைச் சொல்லக் காரணம் உண்டு. எண்ணெய்க் கசிவால் ஒரு கரை எவ்வளவு பாதிக்கப்படும் என்பதை 1 முதல் 10 வரை காட்டும், 1979 முதல் பயன்பாட்டில் உள்ள கரை உணர்திறன் குறியீட்டில், அலை நேரடியாக மோதும் பாறை ஓங்கலுக்கு 1. சதுப்புக்கும் அலையாத்திக் காட்டுக்கும் 10. ஓங்கலில் பட்ட எண்ணெயை அலையே கழுவிவிடும். அலை எட்டாத கூழாங்கல் கரையில் அது கற்களுக்கு அடியில் இறங்கித் தங்கிவிடும். 1989 மார்ச் 24 அன்று எக்சான் வால்டஸ் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதியபோது ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் கரையில் எண்ணெய் படிந்தது. சில கூழாங்கல் கரைகளைத் தோண்டியபோது பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது இருந்தது. ஓங்கல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் இருபது மீட்டர் நீளக் கூழாங்கல் திட்டு எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் மிதவைத் தடுப்பை அங்கே கொண்டுபோக முடியும். அதைத்தான் ஹெலிகாப்டரில் அமர்ந்திருப்பவரின் கண் தேடுகிறது.

பாறைக்கூடு எழுதியது:

ஓங்கல்களில் கூடும் கடற்பறவைகளைக் கணக்கெடுப்பது என் பணி. இதுவரை எழுதிய ஒருவரும் அவற்றைக் குறிப்பிடாதது வருத்தம் தருகிறது.

கில்லிமாட் பறவை கூடு கட்டுவதில்லை. ஓங்கலின் குறுகிய விளிம்பில், வெறும் பாறையின் மேல் ஒற்றை முட்டையிட்டு, அதைக் கால்களின் மேல் ஏந்தி அடைகாக்கிறது. ஹெலிகாப்டரின் ஓசையும் நிழலும் திடீரென்று நெருங்கினால், ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் பாறையை விட்டுப் பாயும். காலடியிலிருந்த முட்டைகள் உருண்டு கீழே விழும். விழாத முட்டைகளைக் கடற்காகங்கள் கொத்திக்கொண்டு போகும். பறவைகள் சில நிமிடங்களில் திரும்பிவிடுவதால், மேலே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பாறைத் திட்டில் படுத்திருக்கும் சீல் கூட்டம் மிரண்டு நீரை நோக்கி ஓடும்போது குட்டிகள் மிதிபடும். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை போன்ற இடங்களில் பகல் நேரப் பெரிய வற்றங்களும் இந்த இனப்பெருக்கக் காலமும் கோடையிலேயே ஒன்றாக வந்து சேர்கின்றன என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடா கடல் சரணாலயத்தில், வரையறுக்கப்பட்ட மண்டலங்களில் 1,000 அடிக்குக் கீழே எஞ்சின் பொருத்திய வானூர்திகள் பறக்கத் தடை இருக்கிறது. உங்கள் கரையில் அத்தகைய விதி இல்லாவிட்டாலும், கூட்டங்கள் இருக்கும் இடங்களை முதலிலேயே வரைபடத்தில் குறித்து, அங்கே உயரத்தையும் தொலைவையும் கூட்டுங்கள். ஒளிப்புள்ளி சொன்ன 9 சென்டிமீட்டர் பிழை அந்த இடங்களில் வந்தால் வரட்டும்.

சுழலிறகு எழுதியது:

பாறைக்கூடு அவர்களுக்கு நன்றி. பறவைகள் எழுவது எங்களுக்கும் நேரடி ஆபத்து. கண்ணாடியில் ஒரு பெரிய கடற்பறவை மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகையால் இந்த ஒன்றில் விமானியும் பறவையாளரும் ஒரே பக்கம்.

அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம்: கடல் தூண் ஒன்றின் பின்னாலிருந்து திடீரென வெளிப்படும் ஹெலிகாப்டருக்குத்தான் பறவைகள் மிகவும் மிரளுகின்றன. தொலைவிலிருந்தே தெரியும்படி, கடல் பக்கமாக, ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் நேர்கோட்டில் வரும்போது அவை அவ்வளவாக எழுவதில்லை. கூட்டத்துக்கு எதிரே வட்டமடிப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடவே கூடாது. நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸைக் கேமராவில் மாட்டிக்கொண்டு, ஒரே கடப்பில் எடுத்ததே போதும் என்று விட்டுவிட வேண்டும்.

கரைக்கோடு எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. எங்கள் வரைவை இப்படி மாற்ற நினைக்கிறேன்: வற்ற அட்டவணையிலிருந்து நாட்களைத் தேர்ந்தெடுத்து, திறந்த கரையை முதல் கடப்பிலும், குடாக்களைத் தனிக் கடப்பிலும் சாய்கோணத்தில் பதிவு செய்வது, இரண்டு நோக்கர்கள் குரல்பதிவோடு செல்வது, பறவைக் கூட்டங்கள் உள்ள பகுதிகளை இனப்பெருக்கம் முடிந்த பிறகு கிடைக்கும் வற்றத்துக்கு ஒத்திவைப்பது, சரியும் அபாயமுள்ள சில ஓங்கல்களை மட்டும் சாய்வு லைடாரில் தனியாக அளப்பது. அவற்றுள் ஆள் இறங்கக்கூடியவற்றைத் தரைநிலையம் சொன்னபடி ட்ரோனுக்கு விட்டுவிடலாம்.

இன்னும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. இறங்கவே முடியாத ஓங்கலில் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இருப்பிடம் துல்லியமாக அளக்கப்பட்ட அடையாளங்களை, எப்படி அமைப்பது? அவை இல்லாமல் பத்தாண்டு கழித்து இன்னொரு குழு எடுக்கும் அளவோடு எங்கள் அளவை ஒப்பிட முடியுமா?

ஒளிப்புள்ளி எழுதியது:

ஓங்கலின் முகத்தில் புள்ளி வைக்கத் தேவையில்லை. மேலே விளிம்புக்குப் பின்னால், அசையாத பாறையில் சில இடங்களில் மட்டும் ஹெலிகாப்டரை இறக்கி, அங்கே அடையாளப் பலகைகளை வைத்து, ஜி.பி.எஸ். கருவியால் அளந்தால் போதும். விளிம்புக்கு மிக அருகில் வைக்க வேண்டாம். பத்தாண்டில் விளிம்பே போயிருக்கலாம். கேமராவுக்கும் ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கும் இடையேயான தொலைவை மூன்று திசைகளிலும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதி வைத்தால், பறப்புக்குப் பின் கணக்கிடும் முறையில் ஒவ்வொரு படத்தின் இருப்பிடமும் சில சென்டிமீட்டருக்குள் கிடைத்துவிடும். கருவியைக் கழற்றி மீண்டும் மாட்டினால் மீண்டும் அளக்க வேண்டும்.

ஒப்பீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சற்றுக் குறைந்த நுணுக்கத்தில் எடுத்த பதிவும் காலம் போகப்போக மதிப்புக் கூடும். கலிபோர்னியாவில் ஏடல்மன் தம்பதியினர் 2002இல் ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரில், மனைவி ஓட்டக் கணவர் படம் எடுத்து, ஏறத்தாழ 150 மீட்டருக்கு ஒன்றாக அந்த மாநிலக் கரையின் பெரும்பகுதியையும் பதிவு செய்தார்கள். அவை சாதாரணச் சாய்கோணப் படங்கள்தான். ஆனால் 1972இல் எடுக்கப்பட்ட பழைய வான்படங்களை அவற்றின் அருகில் வைத்தவுடன், எந்த ஓங்கல் பின்வாங்கியது, எங்கே தடுப்புச் சுவர் எழுந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. சென்டிமீட்டர் தேவைப்படும் இடத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும்: ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் தேயும் ஓங்கலை 10 சென்டிமீட்டர் பிழையுள்ள முறையில் அடுத்த ஆண்டே மீண்டும் அளந்து, மாற்றம் கண்டதாக எழுதாதீர்கள். சில ஆண்டுகள் பொறுத்து அளந்தால்தான் தேய்வு பிழையைத் தாண்டி வெளியே தெரியும்.

ஓதக்கணக்கு எழுதியது:

வரைவு நன்றாக வந்திருக்கிறது. இரண்டு சிறிய சேர்க்கைகள் மட்டும். குடாவின் தலைப்பகுதியில் வற்றம் திறந்த கரையைவிடத் தாமதமாக வரும். ஆகவே திறந்த கரையை முதலில் முடித்துவிட்டுக் குடாக்களுக்குள் நுழைந்தால், நீர் வடிவதைப் பின்தொடர்ந்தே நீங்களும் போகலாம். கிடைக்கும் நேரம் நீளும். அடுத்தது, புறப்படுவதற்கு முன் கேமரா, குரல்பதிவுக் கருவி, ஜி.பி.எஸ். ஆகிய மூன்றின் கடிகாரங்களையும் ஒத்துப்போகச் செய்து, ஜி.பி.எஸ். திரையில் நொடி ஓடுவதைக் கேமராவில் ஒருமுறை படம் எடுத்து, அந்த நேரத்தைக் குரலிலும் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நொடிக்கு 31 மீட்டர் போகும் ஹெலிகாப்டரில் கடிகாரம் இரண்டு நொடி பிசகினால், நோக்கர் சொன்ன கூழாங்கல் திட்டு வரைபடத்தில் 60 மீட்டர் தள்ளி, அடுத்த ஓங்கலின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.